கன்டென்ஸ்டு போல்டு எழுத்துரு: அமுக்காமல் ஒடுக்குவது எப்படி?

நான் முதன்முதலில் செய்த போஸ்டரில் தலைப்பு நீளம், தாளின் அகலம் போதவில்லை. என்ன செய்தேன்? எழுத்துப் பெட்டியின் ஓரத்தைப் பிடித்து மவுஸால் உள்ளே தள்ளினேன். அகலம் 60 சதவீதமாகச் சுருங்கியது, தலைப்பு கச்சிதமாகப் பொருந்தியது. திரையில் பார்க்கும்போது ஒன்றும் உறுத்தவில்லை. அச்சாகி வந்து சுவரில் ஒட்டிய பிறகுதான் தெரிந்தது: எழுத்துகள் எல்லாம் கால் மெலிந்து, தோள் தடித்து, விழப்போகிறவர்கள் மாதிரி நின்றன.

காரணம் சின்னக் கணக்குதான். ஒரு தடித்த எழுத்தில் செங்குத்துத் தண்டின் பருமன் 150 அலகு, குறுக்குக் கோட்டின் பருமன் 130 அலகு என்று வையுங்கள். அகலத்தை மட்டும் 60 சதவீதமாக்கினால் தண்டு 90 ஆகிவிடும். குறுக்குக் கோடு அதே 130-ல் நிற்கும். தாங்க வேண்டிய கால் மெலிந்து, மேலே கிடக்கும் கட்டை தடித்துவிட்டது. வளைவுகளின் கதி இன்னும் மோசம். ஒரே வளைவுக்குள் பருமன் ஏறி இறங்கிப் பிசகும்.

கன்டென்ஸ்டு எழுத்துரு என்பது அமுக்கப்பட்ட எழுத்துரு கிடையாது, ஒடுக்கமாகவே வரையப்பட்டது. இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கண் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, கறுப்பை விட்டுவிட்டு வெள்ளையைப் பார்க்கப் பழகுவது. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது பாதியைப் பற்றியது. எழுத்துரு வரையும் எண்ணமே இல்லை, போஸ்டரும் பேனரும் செய்தால் போதும் என்பவர்களும் முதல் மூன்று படிகளைப் படித்துவிடுங்கள். வரையத் தெரிந்தவருக்குத்தான் எதை எங்கே போடக்கூடாது என்று புரியும்.

கொஞ்சம் பின்கதை

தடித்து, ஒடுங்கி, உயர்ந்து நிற்கும் இந்த எழுத்து விளம்பரத்தின் பிள்ளை. 19-ஆம் நூற்றாண்டில் சுவரொட்டிகள் பெருகியபோது பெரிய அளவு ஈய எழுத்துகள் கனமாகவும் விலை கூடுதலாகவும் இருந்தன. 1827-ல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் மரத்தில் எழுத்து குடையும் இயந்திர முறையைக் கொண்டுவந்தார். 1834-ல் வில்லியம் லெவன்வர்த் அதில் பான்டோகிராஃபைச் சேர்த்தார். ஒரு மூல வடிவத்தைத் தடம்பிடித்து அகலமாகவும் ஒடுக்கமாகவும் பல அளவில் வெட்டலாம் என்றானது. அச்சுக்கோப்பவருக்கு இது வரப்பிரசாதம். தாளின் அகலம் மாறாது, வரிக்கு வரி சொல்லின் நீளம் மாறும். சின்னச் சொல்லுக்கு அகல எழுத்து, நீளச் சொல்லுக்கு ஒடுக்க எழுத்து என்று எடுத்துப் போட்டால் ஒவ்வொரு வரியும் ஓரத்துக்கு ஓரம் நிறையும்.

1903-ல் மாரிஸ் ஃபுல்லர் பென்டன் வரைந்த ஆல்டர்நேட் காதிக் மூன்று வெவ்வேறு அகலங்களில் வந்ததற்கும் இதே தேவைதான். இன்று இலவசமாகக் கிடைக்கும் லீக் காதிக் அதன் மறுபிறப்பு. 1960-களில் இன்னொரு அலை வந்தது: 1963-ல் ஃப்ரெட் லாம்பர்ட்டின் காம்பாக்டா, 1965-ல் ஜெஃப்ரி லீயின் இம்பாக்ட், 1966-ல் மேத்யூ கார்ட்டரின் ஹெல்வெடிகா கம்ப்ரெஸ்டு. இம்பாக்ட் பிற்பாடு விண்டோஸோடு எல்லாக் கணினிகளுக்கும் போய்ச் சேர்ந்து, மீம்களின் அதிகாரபூர்வ எழுத்தாகிவிட்டது. ஈய எழுத்தாக வார்ப்பதற்காக வெளியிடப்பட்ட ஒன்றுக்கு இப்படியொரு பிற்கால வாழ்க்கை!

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் படி: எதற்கு என்று தீர்மானியுங்கள்

கன்டென்ஸ்டு போல்டு ஒரு டிஸ்பிளே எழுத்து, அதாவது பெரிதாகப் போடுவதற்கான எழுத்து. பத்திகளை இதில் அமைப்பது அதன் வேலையல்ல. ஆகவே வரையத் தொடங்கும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்தச் சொல், எவ்வளவு பெரிதாக, எவ்வளவு தூரத்திலிருந்து படிக்கப்படும். விளையாட்டு மைதான ஸ்கோர்போர்டுக்கும் புத்தக முதுகுக்கும் ஒரே எழுத்து சரிவராது. ஸ்கோர்போர்டில் 3, 8, 6 மூன்றும் தூரத்திலிருந்தும் தனித்தனியாகத் தெரிய வேண்டும், ஆகவே வாய்களை நன்றாகத் திறந்து வைக்க வேண்டும். புத்தக முதுகில் கையெட்டும் தூரத்தில் படிப்பார்கள், இன்னும் இறுக்கலாம்.

மென்பொருளுக்கு அலைய வேண்டாம். ஃபான்ட்ஃபோர்ஜ் இலவசம், ஆனால் முகம் பழையது. மேக் வைத்திருப்பவர்கள் பலரும் கிளிஃப்ஸ் பக்கம் போகிறார்கள். ஃபான்ட்லேப் மேக், விண்டோஸ் இரண்டிலும் ஓடும். எதில் செய்தாலும் கீழே வரும் எண்கள் மாறாது. வழக்கம்போல ஒரு எழுத்தின் முழுச் சதுரத்தை 1000 அலகாக எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டாம் படி: 'எச்'சில் தொடங்குங்கள்

ஆங்கிலப் பெரிய எழுத்து 'எச்'சில் இரண்டு தண்டு, ஒரு குறுக்குக் கோடு, அவ்வளவுதான். வளைவும் கிடையாது, சாய்வும் கிடையாது. எழுத்துருவின் மொத்தக் குணமும் இதிலேயே முடிவாகிவிடும்.

உயரம் 740 அலகு. தண்டு 130. இரண்டு தண்டுக்கும் நடுவே உள்வெளி 100. ஆக அகலம் 360. உயரத்தில் பாதிக்கும் கொஞ்சம் குறைவு, நல்ல ஒடுக்கம். குறுக்குக் கோட்டை 130 வைக்காதீர்கள், 105 வையுங்கள். கண் கிடைக்கோட்டைச் செங்குத்துக் கோட்டைவிடத் தடிப்பாகப் பார்க்கும். இரண்டையும் ஒரே அளவில் வைத்தால் குறுக்குக் கோடு பட்டையாகத் தெரியும். அதன் இடமும் சரிநடுவில் இருக்க வேண்டாம், ஐந்து பத்து அலகு மேலே ஏற்றுங்கள். நடுவில் வைத்தால் இறங்கிவிட்டதுபோலத் தோன்றும்.

இப்போது அந்த எண்களைத் திரும்பப் பாருங்கள். தண்டு 130, உள்வெளி 100. கறுப்பு வெள்ளையை விஞ்சிவிட்டது. சாதாரண எழுத்தில் இது தலைகீழாக இருக்கும், உள்வெளி தண்டைப்போலப் பல மடங்கு. தடித்த ஒடுக்க எழுத்தின் இறுக்கமும் முறைப்பும் இந்த விகிதத்திலிருந்து வருகின்றன. உள்வெளியை 70-க்குக் கொண்டுபோனால் கத்தும், 140-க்குக் கொண்டுபோனால் அமைதியாகும். இந்த ஒரு எண்ணை மட்டும் மாற்றி மூன்று 'எச்' வரைந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அரைமணி நேர வேலை. ஆனால் இதைச் செய்யாமல் அடுத்த எழுத்துக்குப் போகாதீர்கள், இருபது எழுத்து வரைந்த பிறகு மனம் மாறினால் மொத்தத்தையும் திரும்ப வரைய வேண்டிவரும். எனக்கு இரண்டு முறை வந்தது.

மூன்றாம் படி: 'ஓ'வும் நேரான விலாவும்

வட்டத்தை ஒடுக்கினால் முட்டை வரும் என்று நினைப்பதுதான் புதியவர்களின் முதல் சறுக்கல். ஒடுங்கிய ஆங்கில 'ஓ' (O) முட்டையாக இருந்தால் பக்கத்து 'எச்'சோடு ஒட்டாது. முட்டையின் இடுப்பு மட்டும் 'எச்'சை நெருங்கும், தலையும் காலும் விலகி நாலு மூலையிலும் வெள்ளை ஓட்டைகள் விழும். ஆகவே கேப்சூல் மாத்திரை மாதிரி வரையுங்கள். இரு விலாவும் நேர்க்கோடு, மேலும் கீழும் மட்டும் வளைவு. 740 உயரத்தில் ஏறக்குறைய 170-லிருந்து 570 வரை நேராகவே ஓடட்டும்.

விலாவின் பருமன் 134. 'எச்'சைவிட 4 அலகு கூட, ஏனென்றால் முனைகளில் மெலியும் கோட்டைக் கண் மொத்தத்தில் மெலிவாக எடுத்துக்கொள்ளும். மேல் வளைவின் உச்சியில் 100 போதும். உச்சியும் அடியும் 'எச்'சின் எல்லையைத் தாண்டி மேலே 9, கீழே 9 அலகு நீளட்டும். நீட்டாவிட்டால் 'ஓ' குள்ளமாகத் தெரியும். இந்த மீறல் அகன்ற வட்ட எழுத்துகளில் அதிகம் வேண்டும். இங்கே வளைவு குறுகல் என்பதால் கொஞ்சம் போதும்.

வளைவு நேர்க்கோட்டில் சேரும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். திடீரென்று முழங்கை மாதிரி மடிந்தால் ஹேண்டில் (வளைவை இழுத்து வடிவமைக்கும் கைப்பிடி) குட்டை என்று பொருள். ஹேண்டிலை நீட்டுங்கள், வளைவும் கோடும் சேரும் புள்ளியான நோடை நேர்க்கோட்டுக்குள் கொஞ்சம் இறக்குங்கள். உள்வளைவும் வெளிவளைவும் ஒரே மாதிரி இருக்கத் தேவையில்லை. வெளியே வளைவு நிதானமாகவும் உள்ளே கொஞ்சம் சதுரமாகவும் இருந்தால் உள்வெளி பெரிதாகத் தெரியும். இந்த எழுத்துவகையில் நான் ரசிக்கும் தந்திரம் இதுதான்.

நான்காம் படி: அடங்காத எழுத்துகள்

'எச்', 'ஓ' முடிந்தால் ஈ (E), எஃப் (F), எல் (L), டி (T), யூ (U), டி (D) என்று பாதி அகரவரிசை தானாக வந்துவிடும். அடங்காதவை ஐந்தாறுதான்.

'எம்' எழுத்தில் நான்கு கோடுகள். ஒவ்வொன்றும் 130 என்றால் கறுப்பு மட்டுமே 520, வெள்ளைக்கு இடமே இல்லை. இங்கே இரண்டு விட்டுக்கொடுப்புகள் வேண்டும். அகலத்தைக் கூட்டுங்கள், 480 வரை போகலாம். கோடுகளையும் மெலிவாக்குங்கள்: வெளித்தண்டு 118, உள்சாய்வு 100. எழுத்துருவில் எல்லாத் தண்டும் ஒரே பருமனில் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை, ஒரே பருமனில் இருப்பதுபோலத் தெரிந்தால் போதும். 'டபிள்யூ' இன்னும் மோசம், அதற்கு இன்னும் அகலம் கொடுங்கள். 'எம்'மையும் 'டபிள்யூ'வையும் மற்ற எழுத்துகளின் அகலத்துக்குள்ளேயே திணித்திருக்கும் எழுத்துருவைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.

'என்', 'ஏ', 'வி', 'கே' ஆகியவற்றில் தொல்லை மூட்டுகளில். இரண்டு தடித்த கோடுகள் கூர்கோணத்தில் சேரும் இடத்தில் கறுப்பு குட்டைபோலத் தேங்கும். சேரும் இடத்தை நெருங்கும்போது சாய்கோட்டை 130-லிருந்து 95-க்கு மெலிவாக்குங்கள், உள்மூலையை ஆழமாக வெட்டி உள்ளே தள்ளுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் அசிங்கமாகத்தான் இருக்கும், சாதாரண அளவில் தெரியவே தெரியாது. 'ஏ'யின் உச்சியைக் கூராக்காமல் தட்டையாக வெட்டுங்கள். அதன் குறுக்குக் கோட்டை நன்றாகக் கீழே இறக்குங்கள், இல்லாவிட்டால் மேல் முக்கோணம் ஊசித்துளையாகிவிடும்.

'எஸ்'ஸுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். மூன்று கிடைக்கோடுகள், நடுவில் ஒரு முதுகெலும்பு. ஒடுக்கத்தில் அந்த முதுகெலும்பு கிட்டத்தட்ட சாய்கோடாக இறங்கும், பருமனும் மற்ற இடங்களைவிடக் கூடுதலாக வேண்டும். மேல்பாதியைக் கீழ்ப்பாதியைவிடக் கொஞ்சம் சின்னதாக்குங்கள். வரைந்ததைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். கவிழ்ந்து விழுவதுபோல இருந்தால் சரியாக வந்திருக்கிறது.

ஆங்கிலச் சின்ன எழுத்துகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 'எக்ஸ்'ஸின் உயரத்தைத் தாராளமாக வையுங்கள், 740-க்கு 560 என்பது நல்ல தொடக்கம். அப்படி வைத்தால்தான் 'ஏ' (a), 'ஈ' (e) போன்ற சின்ன எழுத்துகளின் மூன்று கிடைக்கோடுகளுக்கும் நடுவில் காற்று இருக்கும். சின்ன எழுத்தே வேண்டாம் என்றும் முடிவு செய்யலாம். ரியோயிச்சி சுனேகாவாவின் பெபாஸ் நியூவில் பெரிய எழுத்து வடிவங்கள் மட்டும்தான், அது ஒரு குறையாக யாருக்கும் படவில்லை.

ஐந்தாம் படி: இடைவெளி

'எச்'சின் இரு ஓரத்திலும் தலா 30 அலகு வெள்ளை விடுங்கள். இரண்டு 'எச்' பக்கத்தில் நின்றால் நடுவில் 60. உள்வெளி 100, எழுத்திடைவெளி 60. இந்த விகிதத்தை மனதில் வையுங்கள். இடைவெளி உள்வெளியைவிடக் குறைவாக இருந்தால் எழுத்துகள் ஒன்றையொன்று பிடித்துச் சொல்லாக நிற்கும், கூடினால் வேலிக்கம்பிபோலத் தனித்தனியாகப் பிரியும்.

'ஓ'வுக்கு எவ்வளவு? சாதாரண எழுத்துருவில் வட்ட எழுத்தின் ஓரவெளி நேர் எழுத்தின் ஓரவெளியில் பாதியளவுக்கு வரும். இங்கே விலா நேராக இருப்பதால் அப்படிக் குறைத்தால் ஒட்டிக்கொள்ளும். 26 போதும். எச், எச், ஓ, எச், ஓ, ஓ, எச் என்று அடித்துப் பாருங்கள். கண்ணைப் பாதி மூடினால் மொத்த வரியும் ஒரே சாம்பல் நிறப் பட்டையாகத் தெரிய வேண்டும். எங்காவது திட்டாகக் கறுத்தாலோ வெளுத்தாலோ அங்கே ஓரவெளி தப்பு.

அதன் பிறகுதான் கெர்னிங், அதாவது குறிப்பிட்ட எழுத்து ஜோடிகளுக்கு நடுவே மட்டும் இடைவெளியைத் திருத்துவது. 'எல்'லுக்குப் பின் 'டி' (T), அதே 'டி'க்குப் பின் 'ஏ', 'ஏ'க்குப் பின் 'வி' என்று சில ஜோடிகளுக்கு மட்டும் செய்தால் போதும். புதியவர்கள் ஓரவெளியைச் சரியாகப் போடாமல் எல்லா ஜோடிக்கும் கெர்னிங் போட்டு ஒட்டுவேலை செய்வார்கள், அது ஓட்டைப் பானைக்கு நூறு இடத்தில் மெழுகு வைத்த கதை. சொல்லிடைவெளியையும் மறக்காதீர்கள். 160 அலகு போதும். 250 விட்டால் சொற்களுக்கு நடுவே வண்டி ஓடும்.

தமிழ் எழுத்தை ஒடுக்கும்போது

இதுவரை சொன்ன விதிகள் தமிழுக்கும் பொருந்தும், ஆனால் ஓர் இடத்தில் முட்டும். ரோமன் எழுத்துகள் பெரும்பாலும் இரண்டு தண்டுக்குள் அடங்கிவிடும். தமிழில் ட ஒரு தண்டு, ப இரண்டு, ய மூன்று, ண என்றால் சுழியோடு சேர்த்து நான்கைந்து செங்குத்து ஓட்டங்கள். எல்லாவற்றையும் ஒரே அகலத்தில் அடைக்க நினைத்தால் ண கறுப்புக் கட்டியாகிவிடும்.

தமிழுக்கு 'எச்' என்பது ப. இரண்டு தண்டு, அடியில் ஒரு கோடு. அதில் தண்டு 110, உள்வெளி 110 என்று நிறுத்துங்கள். அகலம் 330. ய வரும்போது அகலத்தைக் காப்பாற்ற முயலாதீர்கள், வெள்ளையைக் காப்பாற்றுங்கள். மூன்று தண்டு தலா 100, இரண்டு உள்வெளி தலா 90, ஆக 480. ப-வைவிட 150 அலகு கூடுதல், அதனால் ஒன்றும் குடிமுழுகாது. கண் அகலத்தை எண்ணுவதில்லை, கறுப்பும் வெள்ளையும் மாறிமாறி வரும் தாளத்தைத்தான் பிடிக்கிறது. ண-வில் தண்டை இன்னும் பத்து அலகு இளைக்க வையுங்கள்.

சுழிகள்தான் அடுத்த தலைவலி. கி, கீ இரண்டையும் பிரிப்பது மேல்விலங்கின் முனையில் இருக்கும் சின்னச் சுழி. தடிப்பில் அந்தச் சுழியின் துளை அடைபட்டால் தூரத்தில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்று. கெ, கே வேறுபாடும் இப்படித்தான். சுழி இருக்கும் இடத்தில் மட்டும் கோட்டின் பருமனைத் தயங்காமல் பாதியாக்குங்கள், துளையை வட்டமாக்காமல் நெட்டுக்குத்தான நீள்வட்டமாக்குங்கள். ர-வுக்கும் துணைக்காலுக்கும் உள்ள வேறுபாடு அடியில் இழுக்கும் சாய்ந்த வால் மட்டும்தான். ஒடுக்குகிறேன் பேர்வழி என்று அந்த வாலைக் குட்டையாக்கினால் படிப்பவர் தடுமாறுவார். புள்ளி தண்டின் பருமனுக்குச் சமமாக இருக்கட்டும், எழுத்தின் தலையில் ஒட்டாமல் 40 அலகாவது விலகி நிற்கட்டும்.

வரையாமல் தேடுபவர்களுக்கு இரண்டு பெயர்கள். அனேக் தமிழ் வேரியபிள் ஃபான்ட்டாகக் கிடைக்கிறது. அகலம் 75 முதல் 125 சதவீதம் வரை, தடிப்பு எண் 100 முதல் 800 வரை நகரும். அகலத்தை 75-க்கும் தடிப்பை 800-க்கும் தள்ளினால் கையில் நல்ல தலைப்பு எழுத்து. நோட்டோ சான்ஸ் தமிழில் அகலம் 62.5 வரை இறங்கும், தடிப்பு 900 வரை ஏறும். அதன் முகம் கொஞ்சம் அலுவலகத்தனமானது, ஆனால் ஒடுக்கம் உண்மையானது. இந்த நகர்த்தல் மவுஸால் அமுக்குவதுபோல அல்ல. வடிவமைப்பாளர் ஒடுக்க முனையையும் அகல முனையையும் தனித்தனியாக வரைந்திருப்பார், நடுவில் இருப்பதை மட்டும் மென்பொருள் கணக்குப் போடும். பழைய தலைப்பு எழுத்துருக்களில் அழகானவை நிறைய உண்டு, ஆனால் அவற்றில் பல யூனிகோடு கிடையாது. அவற்றில் அமைத்த தலைப்பை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் கிறுக்கலாக வரும். அச்சுக்கு ஓட்டலாம், இணையத்துக்கு வேண்டாம்.

பயன்படுத்தும்போது

முதலில் அளவு. மேலே வரைந்த 'எச்'சின் உள்வெளி 1000-க்கு 100. அதை 20 பிக்சலில் போட்டால் உள்வெளி 2 பிக்சல், எழுத்துகளுக்கு நடுவே 1.2 பிக்சல். திரையில் அது மங்கல் கோடுதான். 72 பிக்சலில் போட்டால் 7.2, 4.3. இப்போது மூச்சு விடுகிறது. இந்தக் கணக்கை எந்த எழுத்துருவுக்கும் போட்டுப் பார்க்கலாம். என் கைவழக்கம், உள்வெளி 4 பிக்சலுக்குக் கீழே இறங்கினால் வேறு எழுத்துருவுக்கு மாறிவிடுவது.

சினிமா போஸ்டர்களின் அடியில் நெட்டையாக, படிக்கவே முடியாத ஒடுக்கத்தில் பெயர்கள் வரிசையாக வருமே, அது மட்டும் வேறு கதை. ஹாலிவுட் ஒப்பந்தங்களில் பெயரின் அளவு படத்தலைப்பின் அளவில் இத்தனை சதவீதம் என்று எழுதுவார்கள். உயரத்தைக் கொடுத்து அகலத்தைப் பறித்துக்கொண்டால் ஒப்பந்தமும் நிறைவேறும், இடமும் மிஞ்சும். படிக்க வைப்பது அங்கே நோக்கமே இல்லை. அதைப் பார்த்து நீங்களும் அப்படிச் செய்யாதீர்கள்.

வரி இடைவெளியில் இந்த எழுத்து நம் பழக்கத்தை உடைக்கச் சொல்லும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்குக் கீழே தொங்குவது ஏதுமில்லை என்பதால் எழுத்தளவில் 0.85, 0.9 என்று இறுக்கலாம். இரண்டு மூன்று வரிகள் ஒரே செங்கல் சுவராக நிற்கும். தமிழில் அதைச் செய்தால் மேல்வரியின் கு, மூ, து கீழ்வரியின் கி, கீ தலையில் இடிக்கும். 1.2-ல் தொடங்கி இறக்கிக்கொண்டே வாருங்கள், இடிக்கும் இடத்துக்கு ஒரு படி முன்னால் நிறுத்துங்கள். தலைப்பு உங்கள் கையில்தான் இருக்கிறது என்றால் சொல்லை மாற்றுங்கள், வரியை வேறு இடத்தில் உடையுங்கள். அதிலும் இடிப்பு தீரும்.

டிராக்கிங்கை, அதாவது எல்லா எழுத்துகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கூட்டிக் காற்றோட்டமாக்கலாம் என்று தோன்றும். தமிழில் கவனம். பல மென்பொருள்களில் கொ என்பது ஒரு கொம்பு, ஒரு க, ஒரு கால் என்று மூன்றாகப் பிரிந்து ஆளுக்கொரு மூலையில் நிற்கும். ரோமன் எழுத்தில் உடையாது, ஆனால் ஒடுக்க எழுத்தை வாங்கி அகலமாகப் பரப்புவதற்குப் பதில் முதலிலேயே அகலமான எழுத்தை எடுத்திருக்கலாமே! கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் மட்டும் ஒரு சிட்டிகை கூட்டுங்கள், வெளிச்சம் பரவி எழுத்து தடித்துத் தெரியும்.

கூட வைக்கும் எழுத்து அமைதியானதாக இருக்கட்டும். கத்துபவர் ஒருவர் போதும். தலைப்பு ஒடுக்கத் தடிப்பு என்றால் கீழே விவரங்கள் சாதாரண அகலத்தில், மெலிதாக, தலைப்பில் நான்கில் ஒரு பங்கு அளவில். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் யார் பெரியவர் என்று சண்டை போடுவதுபோல இருக்கும்.

எழுத்தைச் சுற்றிக் கோடு போடுவதாக இருந்தால் கோடு எந்தப் பக்கம் வளர்கிறது என்று பாருங்கள். நடுவில் வைத்தால் 30 அலகுக் கோடு ஒவ்வொரு விளிம்பிலும் 15 அலகு உள்ளே ஏறும், தண்டு 130-லிருந்து 100-க்கு இளைத்துவிடும். வெளியே வைத்தால் தண்டு தப்பும், ஆனால் அந்த 30 உள்வெளிக்குள் இரு பக்கத்திலிருந்தும் நுழைந்து 100-ஐ 40 ஆக்கிவிடும். மீம்களில் இம்பாக்ட் தாக்குப்பிடிப்பதற்குக் காரணம் கோடு கறுப்பு, எழுத்து வெள்ளை, எழுத்தும் அநியாயத்துக்குத் தடிப்பு. வேறு நிறச் சேர்க்கையில் அது வேலை செய்யும் என்று உத்தரவாதம் கிடையாது.

இணையத்தில் வரும் ஒரு கண்ணி

இதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். பெபாஸ் நியூ, ஆன்டன் போன்ற எழுத்துருக்களை கூகுள் ஃபான்ட்ஸிலிருந்து எடுத்தால் கோப்பு ஒன்றுதான், தடிப்பு எண் 400. பார்க்கத் தடிப்பாக இருந்தாலும் பெயரளவில் அது ரெகுலர் (சாதாரணத் தடிப்பு). உலாவிகள் இணையப் பக்கத்தின் தலைப்புக் குறிகளை (h1, h2 போன்றவை) தானாகவே போல்டாக்கும். போல்டு கோப்பு இல்லை என்றதும் உலாவியே எழுத்தின் விளிம்பை ஊதிப் போலி போல்டு செய்துவிடும். உள்வெளி அடைபடும், மூட்டுகள் கறுக்கும், 'எழுத்துரு சரியில்லை' என்று நீங்கள் மாற்றிவிடுவீர்கள். தலைப்பின் தடிப்பை 400 என்று கைப்பட எழுதுங்கள், அவ்வளவுதான். வடிவமைப்பு மென்பொருள்களில் இருக்கும் போல்டு பொத்தானும் சில இடங்களில் இதே போலி வேலையைச் செய்யும். மெனுவில் அந்த எழுத்துருவின் பெயருக்குக் கீழே போல்டு என்று தனி வகை இருந்தால் அதை எடுங்கள், இல்லாவிட்டால் பொத்தானைத் தொடாதீர்கள்.

நீங்களே வரைந்த எழுத்துருவை ஏற்றுமதி செய்யும்போதும் இதே எண்கள் வரும். தடிப்பு வகுப்பில் 700 என்றால் போல்டு, 900 என்றால் பிளாக். அகல வகுப்பு 1 முதல் 9 வரை, 5 சாதாரணம், 3 கன்டென்ஸ்டு, 2 எக்ஸ்ட்ரா கன்டென்ஸ்டு. இவற்றை நிரப்பாமல் விட்டால் உங்கள் எழுத்துரு மெனுவில் ரெகுலர் என்ற பெயரில் உட்கார்ந்துகொள்ளும், மேலே சொன்ன போலி போல்டு வம்பும் கூடவே வரும்.

கடைசியாக, தாளில் அச்சிட்டுப் பாருங்கள். 200 பாயின்ட்டில் ஒரு சொல், 72-ல் அதே சொல், 36-ல் அதே சொல். சுவரில் ஒட்டி ஐந்தாறு அடி பின்னால் நகருங்கள். முதலில் அடைபடும் எழுத்து எது என்று பென்சிலால் வட்டம் போடுங்கள். என் முதல் எழுத்துருவில் அது 'எஸ்' என்று பந்தயம் கட்டியிருந்தேன். வட்டம் விழுந்தது 8-ல்.